கைக்கு அடக்கமான ஆம்ப்: பேஸ் கிதாருக்கு எதை வாங்குவது?

உத்தமபாளையத்தில் பஸ் ஏறி கோம்பையைத் தாண்டினால் பண்ணைப்புரம். அதே சாலையில் இன்னும் போனால் தேவாரம், அப்புறம் போடி. இடது பக்கம் மலை கூடவே வரும். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் தம்பிமார்களைக் கூட்டிக்கொண்டு கச்சேரிக்குப் புறப்பட்டது பண்ணைப்புரத்திலிருந்துதான். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலையேறிப் போய்ப் பாடியவரும் அவர்தான். அவர்களுடைய முக்கிய வாத்தியம் ஆர்மோனியம். ஒரு ஆள் தூக்கிவிடலாம். மூடினால் பயணப் பெட்டி, திறந்தால் கச்சேரி.

பேஸ் கிதார்க்காரருக்கு அந்தக் கொடுப்பினை நெடுங்காலம் வாய்க்கவில்லை. கிதார் நாலு கிலோதான். அதற்குச் சத்தம் கொடுக்கும் பெட்டிதான் ஆளைக் கொன்றது. 1969இல் அமெரிக்காவில் வந்த ஆம்பெக் எஸ்விடி என்ற 300 வாட் ஆம்ப் ராக் மேடைகளின் அடையாளமாகவே ஆகிப்போனது. அதன் வழிவந்த எஸ்விடி கிளாசிக்கில் ஆம்ப் மட்டும் சுமார் 36 கிலோ. அதோடு சேரும் எட்டு ஸ்பீக்கர் பெட்டி 60 கிலோவுக்கு மேல். லாரியும் நாலு ஆளும் இருக்கிற குழுவுக்கு அது சரிப்படும். தேவாரம் பஸ்ஸில் ஏறி, திருவிழா மேடைக்குப் பொடிநடையாகப் போகிறவருக்குச் சரிப்படாது.

இன்று நிலைமை மாறிவிட்டது. முக்கால் கிலோவில் 200 வாட் ஆம்ப் கிடைக்கிறது. பத்து கிலோவில் ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்த பெட்டி கிடைக்கிறது. இனி கேள்வி, எதை வாங்குவது என்பதுதான். இந்த அத்தியாயம் முழுக்க ஒரே அளவுகோலை வைத்துக்கொள்வோம்: முதுகில் கிதார், ஒரு கையில் ஆம்ப், மறு கை சும்மா. பஸ்ஸை விட்டு இறங்கி மேடை வரைக்கும் ஒரே நடை. இரண்டாவது நடை வைக்கவேண்டிய சாமான் இந்த அத்தியாயத்துக்கு உரியதல்ல.

முதலில், ஆம்ப் யாருக்காக?

புதிதாக வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் வாட் கணக்கோடுதான் வருவார்கள். "கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்க எத்தனை வாட் வேண்டும்?" என்று கேட்பார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

நம் பக்கத்துத் திருவிழா மேடைகளில் ஜனத்துக்குச் சத்தம் கொடுப்பது மைக்செட்காரர். மேடைக்கு இரண்டு பக்கமும் அவர் அடுக்கியிருக்கும் பேஸ் பெட்டிகளை எந்த பேஸ் ஆம்பும் மிஞ்ச முடியாது. ஒருமுறை மேடையில் நான் வால்யூமை ஏற்றிக்கொண்டே போனேன். மிக்ஸரை விட்டு எழுந்து வந்த சவுண்டுக்காரர் காதோரம் சொன்னார்: "தம்பி, நீங்க லைனை மட்டும் குடுங்க. வெளிய போற சத்தம் எம் பொறுப்பு." "எனக்கே கேக்கலண்ணே," என்றேன். "அப்ப பெட்டியக் கொஞ்சம் உங்க காதுப் பக்கம் திருப்புங்க, தம்பி. இப்ப அது உங்க முழங்காலுக்குல்ல பாடிக்கிட்டிருக்கு!"

பேஸ் ஆம்ப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். மேடையில் ஆம்ப் உங்கள் காதுக்கும், பக்கத்தில் நிற்கும் ட்ரம்ஸ்காரர் காதுக்கும். ஜனத்தின் காதுக்கு மைக்செட். இதை ஒப்புக்கொண்ட நிமிஷமே உங்கள் சுமை பாதியாகிவிடும்.

எனவே கடைக்குப் போகும் முன் உங்கள் வாசிப்பு இந்த நாலில் எது என்று முடிவு செய்யுங்கள்:

1. வீட்டில் மட்டும் பயிற்சி.
2. கீபோர்டு, தபலா, ரிதம் பேட் வைத்து ஒத்திகையும் சிறு கூடக் கச்சேரியும்.
3. நிஜ ட்ரம்ஸ் இருக்கும் மேடை. ஜனத்துக்கு மைக்செட் உண்டு.
4. பேஸுக்கு மைக்செட் ஆதரவே இல்லாத இடம். சில தேவாலயங்கள், பள்ளி விழாக்கள், கல்யாண மண்டபங்கள் இந்த வகை.

முதல் மூன்றுக்கும் சிறிய சாமான் தாராளமாகப் போதும். நாலாவதற்கு மட்டும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

எடை எங்கே போனது?

பழைய ஆம்பைத் திறந்தால் பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஆடுவது. அந்த மெதுவான ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான வாட்டைக் கடத்த, இரும்பும் செம்பும் கிலோ கணக்கில் வேண்டும். புதிய ஆம்புகளில் இருப்பது கம்ப்யூட்டரிலும் செல்போன் சார்ஜரிலும் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். அது மின்சாரத்தை நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி அனுப்புகிறது. வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சிறுத்துக்கொண்டே போகும்.

அடுத்தது டி கிளாஸ். பழைய வகை ஆம்பில் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகப் போய்விடும். சூட்டை வெளியேற்ற அலுமினியத் தகடுகள், அவற்றைத் தாங்க கனமான பெட்டி. டி கிளாஸ் ஆம்பில் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும், அல்லது முழுதாக மூடும், நடுவில் நிற்காது. ஆகவே சூடு குறைவு, தகடும் குறைவு.

மூன்றாவது, காந்தம். பழைய ஸ்பீக்கரின் பின்னால் ஆட்டுக்கல் மாதிரி ஒட்டியிருப்பது ஃபெரைட் காந்தம். 1980களின் தொடக்கத்தில் நியோடிமியம் காந்தம் வந்தது. ஒரு சிறு வில்லை, அந்தப் பெரிய வளையத்தின் வேலையைச் செய்துவிடும். விளம்பரத்தில் "நியோ" என்று போட்டிருந்தால் அதுதான். விலை கூடுதல், எடை நன்றாகக் குறையும்.

கடைசியாக மரம். கனமான பலகைக்குப் பதில் மெல்லிய, உறுதியான பிளைவுட். ஒரு எச்சரிக்கை: பெட்டி லேசாக இருக்கலாம், தொளதொளவென்று இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் அதிரவேண்டும், பெட்டி அதிரக் கூடாது.

சிறிய பெட்டியில் பேஸ் கேட்குமா?

நாலு கம்பி பேஸ் கிதாரின் அடிக்கம்பி, அதாவது ஈ, திறந்து மீட்டினால் நொடிக்கு சுமார் 41 அதிர்வுகள். அடுத்து ஏ 55, டி 73, ஜி 98. ஐந்து கம்பி கிதார் என்றால் பி கம்பி 31 வரை இறங்கும்.

கைப்பெட்டி அளவு ஸ்பீக்கரால் 41ஐ முழு பலத்தோடு எழுப்ப முடியாது. ஸ்பீக்கர் பொறியாளர் ஆன்டன் ஹாஃப்மன் பெயரில் ஒரு விதி உண்டு: சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எந்த நிறுவனத்தின் நோட்டீஸ் என்ன சொன்னாலும் இந்த விதியிலிருந்து தப்பியவர் இல்லை.

அப்படியானால் சிறிய ஆம்ப் எப்படி வேலை செய்கிறது? நம் காதின் குணத்தால். ஈ கம்பியை மீட்டினால் 41 மட்டும் வருவதில்லை. அதன் மடங்குகளான 82, 123, 164 என்று ஒரு கூட்டமே சேர்ந்து வரும். பேஸ் கிதாரில் 41ஐ விட 82 பலமாக இருப்பதும் உண்டு. மடங்குகள் தெளிவாகக் கேட்டால் போதும், அடி சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். ஆக, நல்ல சிறிய ஆம்ப் 80இலிருந்து மேலே சுத்தமாகப் பேசவேண்டும். 40க்காக மூச்சுத் திணறும் ஆம்ப் 80ஐயும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

இங்கே பண்ணைப்புரத்துக்காரர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. இந்தப் பக்கத்து மேடைகளில் அதிகம் கேட்கப்படுவது இளையராஜா பாட்டு. அவர் பாடல்களில் பேஸ் வெறுமனே தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதில்லை. பாடகரின் மெட்டுக்கு எதிர்ப்பாட்டாகத் தனியே ஒரு மெட்டு பாடும். மேல் கம்பிகளுக்கு ஏறும், இறங்கும், வழுக்கும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாளில் நொட்டேஷன் எழுதிக்கொடுப்பது அவர் வழக்கம்; அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் விரல்களில் அந்த வரிகளைக் கேட்டுத்தான் எங்களில் பலர் கற்றுக்கொண்டோம். இந்த வாசிப்புக்குத் தேவை சுரம் சுரமாகப் பிரிந்து கேட்கும் தெளிவு. அது இருப்பது 100க்கும் 800க்கும் நடுவில். சிறிய ஸ்பீக்கர் கெட்டிக்காரத்தனம் காட்டும் இடமும் அதுவே. நெஞ்சை அதிரவைக்கும் உறுமலை மைக்செட்காரரின் பேஸ் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

ஸ்பீக்கர் அளவு: இன்ச்சை நம்பாதீர்கள், பரப்பைப் பாருங்கள்

"15 இன்ச் இருந்தால்தான் பேஸ்" என்பது பழைய நம்பிக்கை. காற்றைத் தள்ளும் மொத்தப் பரப்புதான் முக்கியம். இன்ச்சை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள், ஒப்பிட எளிது.

- ஒரு 8 இன்ச்: 64
- ஒரு 10 இன்ச், அல்லது நாலு 5 இன்ச்: 100
- ஒரு 12 இன்ச்: 144
- இரண்டு 10 இன்ச்: 200
- ஒரு 15 இன்ச்: 225

நாலு சின்ன 5 இன்ச், ஒரு 10 இன்ச்சுக்குச் சமம் என்பது பலருக்கு ஆச்சரியம். பில் ஜோன்ஸ் பேஸ் என்ற நிறுவனம் இந்தச் சின்ன ஸ்பீக்கர் உத்தியையே தன் அடையாளமாக வைத்திருக்கிறது. வீட்டுக்கு 8 இன்ச் போதும். ஒத்திகைக்கு 10. மேடைக்கு ஒரே பெட்டி என்றால் 12 தான் என் தேர்வு. எடைக்கும் சத்தத்துக்கும் நடுவே நியாயமான பங்கு அது.

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள்

100 வாட்டை 200 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் கூடுவது 3 டெசிபல். "கொஞ்சம் ஏறியிருக்கு" என்று சொல்லத் தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க வாட் பத்து மடங்காகவேண்டும். நூறை ஆயிரமாக்கவேண்டும்.

இதைவிட முக்கியமான எண் ஒன்று ஸ்பீக்கர் பெட்டியின் குறிப்புத் தாளில் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்த டெசிபல்; சென்சிடிவிட்டி என்பார்கள். ஒரு பெட்டி 94, இன்னொன்று 100 என்று வையுங்கள். வித்தியாசம் 6 டெசிபல், அதாவது நாலு மடங்கு வாட். 100 எண்ணுள்ள பெட்டியில் 100 வாட் எழுப்பும் சத்தத்துக்கு, 94 எண்ணுள்ள பெட்டியில் 400 வாட் கொடுக்கவேண்டும். பெரிய ஆம்பைத் தேடுவதை விட நல்ல ஸ்பீக்கரைத் தேடுவது லாபம்.

என் அனுபவக் கணக்கு இது. வீட்டுக்கு 20 முதல் 40 வாட். பேட், கீபோர்டு ஒத்திகைக்கு 100. நிஜ ட்ரம்ஸ் பக்கத்தில் நிற்க 200 முதல் 300. மைக்செட் ஆதரவு இல்லாத இடத்துக்கு 300 முதல் 500. ஸ்பீக்கர் பெட்டியும் இரண்டு.

ஒரே பெட்டியா, தனித்தனியா?

ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டில் இருந்தால் காம்போ. ஆம்ப் தனி, ஸ்பீக்கர் பெட்டி தனி என்றால் ஹெட்டும் கேபினட்டும்.

காம்போவில் வயர் குழப்பம் இல்லை. பிளக்கைச் செருகினால் கச்சேரி. ஃபெண்டர் ரம்பிள் 40 என்பது 10 இன்ச் ஸ்பீக்கரோடு சுமார் 8 கிலோ. ரம்பிள் 100 என்பது 12 இன்ச்சோடு சுமார் 10 கிலோ. இரண்டு 10 இன்ச் உள்ள ரம்பிள் 500 சுமார் 16.5 கிலோ. இந்த மூன்றாவது, நம் அளவுகோலின் எல்லைக்கோடு. தூக்கலாம், ஆனால் கைமாற்றிக் கைமாற்றித்தான்.

ஹெட் வகையில் ட்ரேஸ் எலியட் எல்ஃப் சுமார் 730 கிராம். சட்டைப்பையை விடச் சற்றுப் பெரிது, 4 ஓம்ஸில் 200 வாட். இத்தாலியின் மார்க்பாஸ் நிறுவனத்து லிட்டில் மார்க் வரிசையில் மூன்று கிலோ அளவில் 500 வாட் ஹெட் கிடைக்கிறது. ஹெட்டைக் கிதார் பையின் பக்க அறையில் போட்டுக்கொள்ளலாம், கையில் ஸ்பீக்கர் பெட்டி மட்டும். இன்னொரு வசதி: நாளைக்கே பெரிய இடத்துக்குப் போகிறீர்களா, அதே ஹெட்டை அங்கே இருக்கும் பெட்டியில் இணைத்துக்கொள்ளலாம். ஒன்று பழுதானால் மற்றது மிஞ்சும்.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு காம்போ. மாதம் நாலு கச்சேரிக்கு மேல் போகிறவருக்கு ஹெட்டும் பெட்டியும். என் தீர்ப்பு இதுதான்.

ஓம்ஸ்: ஆம்பைக் காப்பாற்றும் எண்

ஸ்பீக்கர் பெட்டி ஆம்புக்குக் காட்டும் தடையின் அளவுதான் ஓம்ஸ். ஹெட்டில் பெரும்பாலும் "குறைந்தபட்சம் 4 ஓம்ஸ்" என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம்ஸ் பெட்டி இரண்டைச் சேர்த்தால் மொத்தம் 4. 4 ஓம்ஸ் பெட்டி இரண்டைச் சேர்த்தால் 2. ஆம்ப் சூடாகி நின்றுவிடும், சில நேரம் போயே விடும்.

ஆகவே முதல் பெட்டியை 8 ஓம்ஸாக வாங்குங்கள். 500 வாட் என்று விற்கிற ஹெட், ஒரு 8 ஓம்ஸ் பெட்டியில் 300 அளவுக்குத்தான் தரும். கவலை வேண்டாம், அது போதும். பின்னால் அதே மாதிரி இன்னொரு 8 ஓம்ஸ் பெட்டி சேர்த்தால், ஆம்ப் முழு வாட்டும் தரும், காற்றைத் தள்ளும் பரப்பும் இரட்டிக்கும். நான் சொன்ன நாலாவது வகை வாசிப்புக்கு வழி இதுதான்: ஒரே கனத்த பெட்டிக்குப் பதில் இரண்டு லேசான பெட்டிகள். பஸ்ஸில் போகும் நாளில் ஒன்று, ஆட்டோ கிடைக்கும் நாளில் இரண்டு.

ஹெட்டிலிருந்து பெட்டிக்கு ஸ்பீக்கர் கேபிளைத்தான் போடவேண்டும். கிதார் கேபிள் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே கம்பி மெல்லியது, சூடாகும். திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் முனை உள்ளதை வாங்கினால் இந்தக் குழப்பமே வராது.

டி.ஐ. இல்லாத ஆம்ப் வேண்டாம்

ஆம்பின் பின்புறம் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். டி.ஐ. என்பதும், சவுண்டுக்காரர் கேட்கும் "லைன்" என்பதும் அதுதான். அது இல்லாத ஆம்ப் எவ்வளவு லேசாக இருந்தாலும் மேடைக்கு ஆகாது, தனியே டி.ஐ. பாக்ஸ் ஒன்று வாங்கிச் சுமக்க நேரும்.

அதன் பக்கத்தில் இரண்டு சிறு சுவிட்சுகள் இருந்தால் நல்லது. ஒன்று "ப்ரீ / போஸ்ட்". ப்ரீ என்றால் நீங்கள் ஆம்பில் பேஸ், ட்ரெபிள் திருகினாலும் சவுண்டுக்காரருக்குப் போகும் சத்தம் மாறாது. திருவிழா மேடையில் ப்ரீயில் வையுங்கள். அவரும் நிம்மதியாக இருப்பார், நீங்களும். இன்னொன்று "கிரவுண்ட் லிஃப்ட்". மைக்செட்டோடு இணைத்ததும் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் முதலில் இதைத் தட்டுங்கள்.

கரண்ட் விஷயம்

திருவிழா மேடையில் கரண்ட் ஜெனரேட்டரிலிருந்து வரும், இல்லையேல் எங்கோ ஒரு கம்பத்திலிருந்து இழுத்த வயரில் வரும். சீரியல் லைட் எரியத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கும். ஆம்பின் பின்னால் "100–240" என்று அச்சிட்டிருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வெறும் "230" என்றிருந்தால் கவனம். "115 / 230" என்று தள்ளும் சுவிட்ச் இருந்தால், வெளிநாட்டிலிருந்து வந்த சாமானாக இருக்கக்கூடும். 230இல் இருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரைச்சலைப் போக்குகிறேன் என்று பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பியில் உங்கள் விரல், மைக்கில் உங்கள் உதடு. நடுவே எர்த் இல்லாத ஆம்ப் என்றால் உயிருக்கே ஆபத்து. இரைச்சலுக்கு கிரவுண்ட் லிஃப்ட் இருக்கிறது. எர்த் முள்ளைத் தொடாதீர்கள்.

இடத்துக்குத் தக்க வைக்கும் முறை

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா மாதிரி வெட்டவெளியில் வாசித்தால், பேஸ் சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவரே இல்லை. வீட்டில் பலமாகக் கேட்ட ஆம்ப் இங்கே மெலிந்துபோகும். அங்கே ஆம்பைத் தரையில் வையுங்கள், அதன் முகத்தை உங்கள் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். ஒரு செங்கல் போதும்.

உயரமான கூரையும் சுவர்களும் உள்ள தேவாலயத்தில் கதை தலைகீழ். பேஸ் சுவரில் மோதி மோதி வழிந்துகொண்டே இருக்கும். அங்கே ஆம்பை மூலையிலிருந்து இழுத்து, ஒரு நாற்காலி மேல் ஏற்றி, பேஸ் குமிழைக் குறையுங்கள்.

எந்த இடமானாலும் ஒரு பழக்கம்: உங்கள் சத்தம் உங்களுக்குக் கேட்காவிட்டால் பேஸ் குமிழை ஏற்றாதீர்கள், மிட் குமிழை ஏற்றுங்கள். மெல்லிய சத்தத்தில் காது பேஸைக் குறைவாகவே கேட்கும். அதனால் வீட்டில் பேஸை ஏற்றிவைத்து இனிமையாகக் கேட்ட அதே அமைப்பு, மேடையில் சேறாகிவிடும். ஆம்பில் லோ கட் வசதி இருந்தால் 40க்குக் கீழே வெட்டிவிடுங்கள். சிறிய ஸ்பீக்கருக்கு ஆயுள் கூடும்.

ஆம்பே இல்லாமல்?

இருக்கிற வழிகளில் இதுதான் மிக லேசானது. டி.ஐ. உள்ள ஒரு பேஸ் பெடல், காதில் இயர்போன், அதற்கு மிக்ஸரிலிருந்து ஒரு வயர். நல்ல சவுண்டுக்காரர் இருந்தால் அற்புதம். மானிட்டர் தராத மேடையில் உங்கள் வாசிப்பு உங்களுக்கே கேட்காது. ஆகவே பெடலை ஆம்புக்குத் துணையாக வாங்குங்கள். ஆம்ப் மக்கர் செய்கிற நாளில் கச்சேரியைக் காப்பாற்றும்.

கடையில் சோதிக்கும் முறை

1. உங்கள் கிதாரையே கொண்டு போங்கள். கடைக் கிதாரில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும்.
2. எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள்.
3. ஈ கம்பியைத் திறந்து மீட்டி, வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். எந்த இடத்தில் சத்தம் உடைகிறது, பெட்டி கடகடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
4. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டின் பேஸ் வரியை முழுதாக வாசியுங்கள். வேகமான இடத்தில் சுரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா?
5. நாலு எட்டுத் தள்ளி நின்று கேளுங்கள். பிறகு வாசிக்காமல் இரைச்சலை மட்டும் கேளுங்கள்.
6. கடைசியாக, கிதாரை முதுகில் மாட்டி ஆம்பைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நூறு தப்படி நடங்கள். கைப்பிடி விரலை அறுத்தால், கண்டிப்பாக வேறு ஆம்ப் பாருங்கள்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும்

பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் பழுதானால் உள்ளூர் ரேடியோ மெக்கானிக் திறந்து பார்த்துச் சரிசெய்துவிடுவார். இன்றைய லேசான ஆம்பில் கடுகு மாதிரி பாகங்கள் நெருக்கமாகப் பதித்த பலகை. பெரும்பாலும் பலகையையே மாற்றவேண்டி வரும். எனவே வாரண்டி எத்தனை வருஷம், பழுது பார்க்க மதுரைக்கா சென்னைக்கா எங்கே அனுப்பவேண்டும் என்று பில் போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய சாமானாக வாங்கினால் அரைமணி நேரம் ஓடவிட்டு, சூடான பிறகும் வாசித்துப் பாருங்கள்.

முடிவாக

தொடங்குகிறவருக்கு: 10 இன்ச், 40 வாட் காம்போ. ஹெட்ஃபோன் வாசலும், செல்போனிலிருந்து பாட்டை இணைக்கும் வாசலும் அவசியம்.

மேடை ஏறுகிறவருக்கு: 12 இன்ச், 100 வாட் காம்போ, பத்து கிலோவுக்குள், டி.ஐ. உள்ளது. நிஜ ட்ரம்ஸ் இல்லாத பட்சத்தில், நம் பகுதியின் பெரும்பாலான கச்சேரிகளுக்கு இதுவே போதும்.

தொழிலாக வாசிக்கிறவருக்கு: மூன்று கிலோவுக்குள் ஒரு ஹெட், ஒரு 8 ஓம்ஸ் 12 இன்ச் நியோ பெட்டி. பின்னால் வசதிப்படும்போது அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று.

எதை வாங்கினாலும், முதல் கச்சேரிக்கு முன் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை பஸ் ஏறி இறங்கிப் பாருங்கள். அதற்கப்புறமும் வாசிக்கத் தெம்பு இருந்தால், சரியானதைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.